டம்மித் தாள் முதல் கணினித் திரை வரை

பரிசளிப்பு விழா மலர் கைக்கு வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது தம் பிள்ளையின் படத்தை. விளம்பரம் கொடுத்த கடைக்காரர் தேடுவதோ தம் கடையின் பெயரை. எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது, முழுப் பக்கமா அரைப் பக்கமா, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார் என்றெல்லாம் பார்த்த பிறகுதான் தலைமையாசிரியர் உரையைப் படிக்க மனம் வரும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுக்கூலியைச் சுமப்பது அந்த விளம்பரங்கள்தாமே! மலர்க்குழுவின் கணக்கில் எஞ்சும் ஐந்நூறோ ஆயிரமோ வெள்ளிதான் பல பள்ளிகளில் அடுத்த ஆண்டின் பரிசுப் புத்தகமாகவும் கோப்பையாகவும் மாறுகிறது. ஆகவே எந்தப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று முடிவு செய்யும் அந்த ஒரு தாள், சின்ன விஷயமாகத் தோன்றினாலும் சின்ன விஷயமன்று.

அச்சகத்தார் அத்தாளை ‘டம்மி’ என்பார்கள். கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு பக்க எண் கொடுத்து, உள்ளே ‘வாழ்த்துரை’, ‘ஆண்டறிக்கை’, ‘விளம்பரம் – அரை’ என்று பென்சிலால் எழுதிய தாள்தான் அது. இன்று இவ்வேலைக்கென்றே கணினி மென்பொருள்கள் பல வந்துவிட்டன. எதை வாங்குவது, எதை இலவசமாகப் பெறுவது, எதற்கு மாதாமாதம் சந்தா கட்டுவது என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழாத ஆண்டு இல்லை. விடை காண வேண்டுமானால், இத்தாள் கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

பக்கத் திட்டம் என்பது இதழ்கள் தோன்றியபின் வந்த பழக்கமன்று. அச்சுக்கலை பிறந்து அரை நூற்றாண்டு ஆகுமுன்பே அது இருந்திருக்கிறது. 1493ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் அந்தோன் கோபெர்கர் என்னும் அச்சகர் மாபெரும் உலக வரலாற்று நூல் ஒன்றை அச்சிட்டார். எழுதியவர் ஹார்ட்மன் ஷெடல் என்னும் மருத்துவர். அந்நூலில் 1,800க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுக்காகச் செதுக்கிய மரக்கட்டைகளோ 645தான். ஒரே கட்டையைப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஒரு நகரத்தின் படமே வேறொரு பக்கத்தில் வேறொரு நகரமாக வருமாம்! அது கிடக்கட்டும். நமக்கு வேண்டிய செய்தி வேறு. இத்தனை படங்களையும் எழுத்துகளையும் ஒரு பக்கத்துக்குள் பொருத்துவதற்காக, அச்சுக்கு முன்னரே ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதி, படம் வரும் இடத்தில் கோட்டோவியம் இட்டு, முழு மாதிரி ஏடு ஒன்றை ஆயத்தம் செய்தார்கள். லத்தீன் பதிப்புக்கு ஒன்று, ஜெர்மன் பதிப்புக்கு ஒன்று. அந்த மாதிரி ஏடுகள் இன்றும் நூரம்பெர்க்கில் பாதுகாக்கப்படுகின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய டம்மி!

அச்சுக்குப் போகும் காகிதம் பக்கம் பக்கமாகப் போவதில்லை என்பதை நம் மாணவர்கள் பலரும் அறியமாட்டார்கள். பெரிய தாள் ஒன்றில் ஒருபுறம் எட்டுப் பக்கங்கள், மறுபுறம் எட்டுப் பக்கங்கள் அச்சாகும். பிறகு அதனை மடித்து வெட்டினால் 16 பக்கங்கள். இதற்கு ‘பாரம்’ என்று பெயர். 594 மில்லிமீட்டர் அகலமும் 841 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஏ1 தாளில் ஏ4 பக்கங்கள் எட்டு அடங்கும். அப்படியானால் 64 பக்க மலர் என்பது நான்கு பாரம். 65ஆம் பக்கம் என்று ஒன்று கிடையாது. கடைசி நேரத்தில் யாராவது ஒரு பிரமுகர் வாழ்த்துரை அனுப்பிவைத்தால், ஒரு பக்கத்தை மட்டும் கூட்ட முடியாது. குறைந்தது நான்கு பக்கமாவது கூட்ட வேண்டும். கூட்டிய நான்கில் மூன்றை நிரப்ப விளம்பரம் தேடி மறுபடியும் டவுனுக்குப் போக வேண்டும்.

வண்ணத்தின் கணக்கு இன்னும் சுவையானது. பாரம் பாரமாக அடுக்கித் தைக்கும் முறையில், முதல் பாரத்தின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள் சேர்ந்து அச்சாகும். மறுபுறத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. 5ஆம் பக்கத்தில் நகைக்கடைக்காரர் வண்ண விளம்பரம் கேட்டு அதற்குரிய பணத்தையும் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அத்தாளின் அந்தப் புறம் முழுவதும் வண்ண இயந்திரத்தில்தான் ஓடப்போகிறது. அப்போது 8ஆம் பக்கத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகளின் படத்தையும், 12, 13ஆம் பக்கங்களின் விளையாட்டுப் போட்டிப் படங்களையும் அந்தச் செலவிலேயே வண்ணத்தில் போட்டுவிடலாம். இதை முன்கூட்டியே அறிந்து திட்டமிட்டவர்க்கு எட்டுப் பக்க வண்ணம். அறியாதவர்க்கு ஒரு பக்க வண்ணம். செலவில் பெரிய வித்தியாசம் இராது. டம்மித் தாளின் மகிமை இதுவே எனின் மிகையாகாது.

விளம்பரத்துக்கு எந்த இடம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. இன்று முதற்பக்கத்தில் செய்தி இருப்பதை நாம் இயற்கை என்று எண்ணுகிறோம். லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் முதற்பக்கம் 1966 மே மாதம் வரையில் விளம்பரங்களால் நிரம்பியிருந்தது. சென்னையின் ‘இந்து’ ஆங்கில நாளிதழும் 1958இல்தான் முதற்பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டுவந்தது. நாளிதழ்க்காரர்கள் பின்னாளில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டனர்: விளம்பரங்களைப் பக்கத்தின் அடியில் வெளி ஓரத்திலிருந்து படிக்கட்டுப் போல அடுக்கி, மேலே உள்பக்கமாகச் செய்திக்கு இடம் விடுவது. இதழ்களில் வலப்புறப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். புரட்டும்போது கண் முதலில் அங்கேதான் விழுகிறதாம். பின் அட்டைக்கு அதைவிட மதிப்பு. நம் மலர்களிலும் பின் அட்டை, அட்டையின் உட்புறம், நடுப்பக்கம், பிறகு முழு, அரை, கால் பக்கம் என்ற படிநிலையில் கட்டணம் வைப்பது இந்த மரபிலிருந்து வந்ததே.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். மலாயா, சிங்கப்பூர் வட்டாரத்தில் தமிழ் அச்சுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேர் உண்டு. ‘சிங்கை நேசன்’ 1887இல் வெளிவந்த வார இதழ். 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 2019இல் அது நின்றுபோயிற்று. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது. இவை யாவும் முதலில் ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிடப்பட்டவை. அச்சுக்கோப்பவர் முன்னால் ஒரு பெரிய அறைப்பெட்டி. அறைக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு இருப்பதைவிடத் தமிழ்ப் பெட்டிக்கு அறைகள் அதிகம் வேண்டியிருந்தன. பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் பழைய கொக்கியும் சுழியும் நீங்கி எளிய வடிவம் பெற்றன. அச்சகத்தாருக்கும் தட்டச்சுக்காரருக்கும் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை இன்றைய தலைமுறை உணர்வது கடினம்.

தோட்டப் பள்ளிகளுக்கோ அச்சகமே எட்டாக்கனி. அங்கே ஆட்சி செய்தது சைக்ளோஸ்டைல். லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் என்பவர் 1880களில் உருவாக்கிய முறை அது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுதி அல்லது தட்டச்சு செய்து, மையூட்டிய உருளையில் மாட்டிச் சுற்றினால் படிகள் வரும். தமிழில் தட்டச்சு செய்ய முடிந்ததற்கே ஒரு மலாயாத் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து வேலை பார்த்த இரா. முத்தையா என்பாரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர். ஸ்டென்சில் காலத்தில் பக்கத் திட்டம் மிகக் கண்டிப்பானது. ஒரு வரி தப்பினால் சிவப்புத் திரவம் பூசி, காயவிட்டு, மேலே தட்ட வேண்டும். விளம்பரத்தை இடம் மாற்றச் சொன்னால் அந்த ஸ்டென்சிலையே தூக்கிப் போட வேண்டியதுதான். எனவே எழுதத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். வசதி குறைவு, ஆனால் ஒழுங்கு இருந்தது.

டவுன் அச்சகத்துக்குப் போகும் வசதி வந்தபின் கத்தரிக்கோலும் பசையும் வந்தன. தட்டெழுத்துப் பகுதியை வெட்டி, படத்தின் அளவைக் குறித்து, அட்டையில் ஒட்டி, அதைப் படமெடுத்து ஆஃப்செட் தகடு செய்வார்கள். இன்றைக்குக் கணினியில் ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்று சொல்கிறோமே, அதெல்லாம் அந்த மேசையிலிருந்து வந்த சொற்கள்தாம்.

இந்த மேசையைத் திரைக்குள் கொண்டுவந்தவர் பால் பிரைனர்ட் என்னும் அமெரிக்கர். நாளிதழ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பின்னர் நாளிதழ்களுக்குக் கணினி அமைப்புகள் செய்து கொடுத்த ஏடெக்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். அங்கே வேலை போனதும், கையிலிருந்த சேமிப்பைப் போட்டு, பொறியாளர் நால்வருடன் 1984இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்கு ‘ஆல்டஸ்’ என்று பெயரிட்டார். கையடக்கமான சிறிய நூல்களை 1501 முதல் வெளியிட்டுப் படிப்பைப் பலருக்கும் எட்டச் செய்த வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸின் பெயர் அது. 1985 ஜூலையில் அவர்களுடைய ‘பேஜ்மேக்கர்’ வெளிவந்தது. விலை 495 அமெரிக்க டாலர். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘லேசர்ரைட்டர்’ அச்சுப்பொறியின் விலை 6,995 டாலர். இவை இரண்டையும் இணைத்தது ஜான் வார்நாக், சார்ல்ஸ் கெஷ்கி இருவரும் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்னும் பக்க விவரிப்பு மொழி.

முதலில் அவர்கள் குறிவைத்தது சிறு நாளிதழ்களைத்தான். நாளிதழ்க்காரர்கள் முடிவெடுக்க மாதக்கணக்கில் இழுத்தடித்ததால், பார்வை சிறு வணிகர், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று திரும்பிற்று. ஆக, பக்கம் அமைக்கும் மென்பொருள் என்பது பிறந்த சில நாளிலேயே நம்மைப் போன்றவர்களைத் தேடி வந்த பொருள்தான். ஆனால் அந்த விலைக்குக் கணினியும் அச்சுப்பொறியும் மென்பொருளும் வாங்கப் பள்ளிக்கு ஏது வழி? வாங்கியவர் டவுன் அச்சகத்தார். நாம் கையெழுத்துப் படியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அடித்துக் கொடுத்தார். நாம் புரூஃப் பார்த்தோம்.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு தனிக் கதை தொடங்குகிறது. பேஜ்மேக்கர் ஆங்கிலத்துக்காகச் செய்தது. தமிழை அதற்குள் நுழைக்க, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்த எழுத்துருக்கள் வந்தன. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதழ்கள் கணினிக்கு மாறியதில் அவர் பங்கு பெரிது. ஆயினும் அக்காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்துருவின் உள்முறை வேறுபட்டது. ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ந’ வைத்திருப்பார். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய மாநாடுகளில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். யூனிகோட் என்னும் உலகப் பொது முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் சாதாரணக் கணினியில் அது புழக்கத்துக்கு வந்தது. பேஜ்மேக்கரோ கடைசி வரை யூனிகோடை ஏற்கவேயில்லை. ஆல்டஸ் நிறுவனம் 1994இல் அடோபியோடு இணைந்தது. 1999இல் அடோபி ‘இன்டிசைன்’ என்ற புதியதை வெளியிட்டது. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கரின் ஆயுள் முடிந்தது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று முப்பதுக்கும் சற்றுக் குறைவு. மூடிய பள்ளிகள், இணைத்த பள்ளிகள், தோட்டம் துண்டாடப்பட்டபின் டவுன் ஓரத்துக்கு இடம் பெயர்ந்த பள்ளிகள் எத்தனையோ! அப்பள்ளிகளில் யார் யார் படித்தார்கள், யார் தலைமையாசிரியராக இருந்தார், வாரியத்தில் யார் உழைத்தார் என்பதற்குப் பல இடங்களில் எஞ்சியிருக்கும் சான்று விழா மலர்தான். அதிலும் விளம்பரப் பக்கங்களைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். எந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடை, எந்தச் சைக்கிள் கடை, எந்தத் துணிக்கடை இருந்தது என்பதைச் சொல்வது அவைதாம். 1970களின் ஸ்டென்சில் மலர் மஞ்சளாகிக் கிழிந்தாலும் படிக்க முடிகிறது. 1990களின் பேஜ்மேக்கர் கோப்போ, திறந்தால் கோழிக் கிறுக்கல். எழுத்துரு இல்லை; மென்பொருள் இல்லை; கோப்பு மட்டும் வட்டில் தூங்குகிறது. அச்சிட்ட படியும் வெள்ளத்திலோ கறையானிலோ போயிருந்தால் அந்த ஆண்டு போனதுதான்.

ஆகவே மலிவான மென்பொருள் எது என்று பார்க்கும்போது, ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு முன்னால் ‘பத்தாண்டு கழித்துத் திறக்குமா’ என்ற கேள்வியைப் போட வேண்டும் என்பது என் கருத்து.

விலையின் வரலாறும் நேராகப் போகவில்லை. ஒருமுறை வாங்கினால் நம்முடையது என்பது பழைய முறை. இன்டிசைன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் யூனிகோட் எழுத்துகளை முறையாகச் சேர்க்கும் வசதி வந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விடுவதற்குள், 2013இல் அடோபி இனி விற்பனை இல்லை, சந்தா மட்டுமே என்று அறிவித்துவிட்டது. தமிழுக்குக் கதவு திறந்த மறுவருஷமே வாசலில் வாடகை! நாள்தோறும் இதழ் செய்யும் அச்சகத்தாருக்கு அது கட்டுப்படியாகும். வருஷத்துக்கு ஒரு மலர் போடும் பள்ளிக்குப் பன்னிரண்டு மாத வாடகை எதற்கு? மலர் வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் கட்டலாம் என்பார்கள். கட்டலாம். ஆனால் ஓராண்டு ஒப்பந்தத்துக்கும் மாத ஒப்பந்தத்துக்கும் கட்டணம் வேறு என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவும்.

பல பள்ளிகளில் ‘மைக்ரோசாப்ட் பப்ளிஷர்’ புழங்கிற்று. 1991இல் வந்தது, சில அலுவலகத் தொகுப்புகளோடு சேர்ந்தே வந்தபடியால் தனிச் செலவில்லாமல் கிடைத்தது. கற்பதும் சுலபம். ஆனால் 2026 அக்டோபருடன் அதற்கான ஆதரவு முடிவடையும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. பேஜ்மேக்கர் கதைதான் மறுபடியும். பப்ளிஷரில் பழைய மலர்களை வைத்திருக்கும் பள்ளிகள் அவற்றைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப் போடக்கூடாது. பிடிஎஃப் முறை 1993இல் அடோபி கொண்டுவந்தது. 2008 முதல் அது அனைத்துலகத் தரமாகிவிட்டது. அதனைத் திறக்க எந்த ஒரு நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. எழுத்துருவையும் உள்ளேயே பதித்து வைக்க முடிவதால், பழைய உள்முறையில் அடித்த தமிழும் பார்வைக்குத் தமிழாகவே இருக்கும்.

இலவசம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது ‘ஸ்கிரைபஸ்’. 2001இல் ஃபிரான்ஸ் ஷ்மிட் என்பவர் தொடங்கியது. பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் நெடுநாள் வரையில் தமிழ் அதில் சரியாக வராது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிவிடும். 2017இல் வந்த சோதனைப் பதிப்பில்தான் அக்குறை நீங்கலாயிற்று. 2024இல் வந்த 1.6ஆம் பதிப்பில் அது முறையான வெளியீடாகவே கிடைத்தது. ‘ஸ்கிரைபஸில் தமிழ் வராது’ என்று பத்தாண்டுக்கு முன் முயன்று கைவிட்டவர்கள் மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். கற்றுக்கொள்ள ஒரு பள்ளி விடுமுறை போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

‘அஃபினிட்டி பப்ளிஷர்’ என்பது 2019இல் இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் வெளியிட்டது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்பதால் பலர் அதற்குத் தாவினார்கள். ஆயினும் அதன் முதற்பதிப்புகளில் இந்திய மொழி எழுத்துகள் ஒழுங்காகச் சேரவில்லை. 2024இல் அந்நிறுவனத்தை ஆஸ்திரேலியாவின் ‘கேன்வா’ வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டியை இலவசமாக்கியது. இலவசமே ஆனாலும், ‘ஸ்ரீ’, ‘கௌ’, ‘நெடுஞ்சாலை’, ‘பூங்கோதை’ என்று நாலு சொல்லை அடித்துப் பார்த்துவிட்டே எந்த மென்பொருளையும் ஏற்க வேண்டும். விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். கொம்பையும் காலையும் நம்புங்கள். கேன்வா ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றிக் கல்விப் பதிப்பு தருகிறது. அட்டைக்கும் அழைப்பிதழுக்கும் அது வெகு ஜோர். 64 பக்க மலர் முழுவதையும் அதில் கட்ட நான் தயங்குவேன். வேலை முழுவதும் இணையத்தில், ஓர் ஆசிரியரின் கணக்கில் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் மலரும் அவரோடு போய்விடும்.

மேலே சொன்ன யாவும் பக்கத்தை அழகுற அமைப்பதற்கு. திட்டமிடுவதற்கு, அதாவது பழைய டம்மித் தாளின் வேலைக்கு, இவற்றில் எதுவுமே வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. பெரிய இதழ்களுக்கென்று பக்கத் திட்ட மென்பொருள்களும் இணையச் சேவைகளும் விற்பனைக்கு உண்டு. விளம்பரப் பிரிவும் ஆசிரியர் குழுவும் வெவ்வேறு மாடியில் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்துக்கு அவை தேவை. நம் மலர்க்குழுவோ ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேர். 1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் ‘விசிகால்க்’ என்ற கணக்கு அட்டவணை மென்பொருளை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த எக்செல், 2010 முதல் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபிஸின் கால்க், இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதத்தக்க கூகல் அட்டவணை ஆகியவற்றுள் ஒன்று போதும். 2020இல் கல்வியமைச்சு தொடங்கிய ‘டெலிமா’ தளத்தின் வழி ஆசிரியர்களுக்குக் கூகல் கணக்கு கிடைத்திருக்கிறதல்லவா? புதிதாக ஒரு காசு செலவில்லை.

வரிசைக்கு ஒரு பக்கம். எதிரே பக்க எண், இடமா வலமா, என்ன வருகிறது, யார் பொறுப்பு, படம் வந்ததா, விளம்பரமானால் கடையின் பெயர், அளவு, ஒப்புக்கொண்ட தொகை, பணம் கைக்கு வந்ததா, புரூஃப் காட்டியாயிற்றா. கடைசி வரியில் கூட்டுத்தொகை தானே வந்துவிடும். அரைப் பக்கம் பத்து என்றால் ஐந்து பக்கம் போயிற்று என்பதும், அச்சுக்கூலிக்கு இன்னும் எத்தனை வெள்ளி குறைகிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும். வண்ணப் பக்கங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டால் முன்னர்க் கூறிய பாரக் கணக்கும் கண்முன் நிற்கும். கடைக்காரர், “என்னா சார், போன வருஷம் பின்னட்டைக்கு உள்பக்கம்னுதானே சொன்னீங்க, நடுவுல எங்கயோ தூக்கிப் போட்டுட்டீங்களே” என்று கேட்குமுன், போன வருஷத்து அட்டவணையைத் திறந்து என்ன பேசினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர் மனம் சுளித்துப் போனால் போவது ஓர் ஆண்டு விளம்பரமன்று. அவர் கடை இருக்குமட்டும் வரவேண்டிய விளம்பரம்.

எந்த மென்பொருளாலும் செய்ய முடியாத காரியங்களும் உண்டு. இரண்டு நகைக்கடைகளை எதிரெதிர்ப் பக்கத்தில் போடக்கூடாது. காலஞ்சென்ற தலைமையாசிரியருக்கு அஞ்சலி செலுத்தும் பக்கத்துக்கு எதிரே கல்யாண மண்டப விளம்பரம் வரக்கூடாது. பல் மருத்துவர் வாழ்த்துக்குப் பக்கத்தில் மிட்டாய்க் கடை வந்தால் சிரிப்பார்கள், அது பரவாயில்லை. பத்து வெள்ளி கொடுத்து ஒரு வரி வாழ்த்துப் போடச் சொன்ன பால் மரம் சீவும் அம்மாவின் பெயர், இருநூறு வெள்ளி கொடுத்த தவுக்கேயின் பெயரைப் போலவே பிழையின்றி வரவேண்டும். இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் பென்சிலோடு உட்காரத்தான் வேண்டும்.

ஆதலால் திரையில் அட்டவணை தயாரானதும் அதை ஒரு பெரிய தாளில் அச்செடுத்து ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. போகிறவர் வருகிறவர் பார்வையில் பட்டால், “டீச்சர், 22ஆம் பக்கத்துல நாலாம் வகுப்புப் படம் ரெண்டு தரம் இருக்கே” என்று யாராவது சொல்வார்கள். அச்சானபின் அந்தத் தாளையும், அட்டவணைக் கோப்பையும், மலரின் பிடிஎஃப் கோப்பையும், அச்சிட்ட மலரில் இரண்டு படிகளையும் சேர்த்துப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மலர்க்குழுவில் யார் இருந்தாலும் அலமாரியைத் திறந்தால் போதும்.